வாரம் இரண்டு முறை வரும் காய்கறி லோரி: ஏழு மாதம் வாங்கிய பிறகு

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) செவ்வாயும் சனியும் ஒரு காய்கறி லோரி வருகிறது. பெயர்ப் பலகை கிடையாது, லோரியின் பக்கவாட்டிலும் எதுவும் எழுதியிருக்காது, எல்லாரும் "காய்கறி அண்ணன் லோரி" என்றுதான் சொல்கிறோம். ஏழு மாதமாக என் வீட்டுக்கு வேண்டிய காய்கறி, பழம் கிட்டத்தட்ட முழுவதையும் இவரிடம்தான் வாங்குகிறேன். டோவன்பி பக்கம், ஹீவுட் பக்கம் இருக்கும் தெரிந்தவர்கள் சிலர் அந்த லோரி எப்படி, பாசாரைவிட விலை கூடவா, நம்பி வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த லோரியை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதை வைத்து நல்லது, குறை என்கிறேன் என்பது புரியாது. எனக்கு 46 வயது. செம்பனை ஆலையில் கிராணி வேலை, காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். போன வருடக் கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மிஸ்ஸி (நர்ஸ்) இடுப்பில் டேப் வைத்து அளந்தார், 93 சென்டிமீட்டர். ரத்த அழுத்தம் 138-க்கு 88. வெறும் வயிற்றில் சர்க்கரை 6.1 (சர்க்கரை, கொழுப்பு எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 2.0. நல்ல கொழுப்பு மட்டும் 1.4, அது ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தும் எண் இல்லை. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வரவில்லை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதும் அளவுக்கும் போகவில்லை. கொஞ்சம் கூடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நானே வீட்டுக்கு வந்திருப்பேன்.

டாக்டர் அப்படி விடவில்லை. "ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம்தான்மா கூடியிருக்கு, ஆனா நாலும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்திருக்கு, அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார். அதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம், தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று எழுதுகிறார்கள். ஐந்து அளவு பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆசியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90, அதைத் தொட்டால் ஒன்று. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85 ஆகிவிட்டால் இன்னொன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6, டிரைகிளிசரைடு 1.7, இவற்றைத் தொட்டால் மூன்றாவதும் நான்காவதும். நல்ல கொழுப்பு பெண்ணுக்கு 1.3-க்கும் ஆணுக்கு 1.0-க்கும் கீழே போனால் ஐந்தாவது. இந்த ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தாலே கணக்கில் வந்துவிடும், எனக்கு நான்கு. வெள்ளைக்காரர்களுக்கு இடுப்பளவின் எல்லை இதைவிடப் பெரிது. நம் ஆட்களுக்கு வயிற்றில் கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தாலே சர்க்கரையும் கொழுப்பும் ஏறத் தொடங்கிவிடுவதால்தான் நமக்கு எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 2009-ல் பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து இந்த அளவுகளை ஒழுங்குபடுத்தியபோது சொன்னது, இது இருப்பவருக்கு அடுத்த ஐந்து பத்து வருடத்தில் இதய நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்கு, இனிப்பு நீர் வரும் ஆபத்து ஐந்து மடங்கு என்பது.

ஐந்து மடங்கு என்று கேட்டதும் எனக்கு அம்மாவின் கால்தான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 71 வயது, இருபது வருடமாக இனிப்பு நீர், இடது காலில் இரண்டு விரல் இல்லை. எங்கள் வரிசையில் இருக்கும் பன்னிரண்டு வீட்டில் ஏழு வீட்டில் இனிப்பு நீர் மாத்திரை இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன். 2019-ல் மலேசியா முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 பேருக்கு. அதே ஆய்வில் 100 பேரில் 95 பேர் போதுமான காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்றும் வந்தது. அந்த 95 பேரில் நானும் ஒருத்தி.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்? உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்கிறது, உருளைக்கிழங்கு, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் அதில் சேராது. நம் சுகாதார அமைச்சு அதையே "சுக்கு சுக்கு செப்பாரோ" (மலாயில் கால், கால், பாதி) என்று தட்டில் காட்டுகிறது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, பருப்பு, பாதித் தட்டு காய்கறி, பழம். கிளினிக் சுவரில் அந்தப் படம் பல வருடமாக ஒட்டியிருக்கிறது, நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டில் நான்கு பேர், நான், வீட்டுக்காரர், படிவம் 4 படிக்கும் மகன், அம்மா. ஆளுக்கு 400 கிராம் என்றால் வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல், அதுவும் தோல், காம்பு, விதை எல்லாம் போக. நான் அதுவரை வாரத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மூன்று கிலோ வாங்கினால் அதிகம், அதிலும் ஒரு கிலோ உருளைக்கிழங்கு! மீதி நாளெல்லாம் சோறு, குழம்பு, பொரித்த மீன், தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி முட்டைக்கோஸ். பாதித் தட்டு காய்கறி என்பது எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட நடந்ததில்லை.

இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 11 கிலோ காய்கறியை வாரம் ஒரு தடவை வாங்கினால் எங்கே வைப்பது? கங்கோங், கீரை எல்லாம் மூன்றாம் நாள் மஞ்சளாகிவிடும். வேலை நாளில் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து மோட்டார் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனால் பாசார் எப்போதோ மூடியிருக்கும், மினி மார்க்கெட்டில் வாடிய கேரட்டும் பெரிய வெங்காயமும்தான் மீதம். என்ன சாப்பிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சமைக்கிற நாளில் காய்கறி கைக்கு எட்டாததுதான் எங்கள் பிரச்சினை.

என் பாட்டி காலத்தில் இது பிரச்சினையாகவே இருந்ததில்லை. சங்காட் சாலாக் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீடு, பின்னால் சின்னதாக ஒரு கொல்லை. முருங்கை இரண்டு மரம், வேலியில் பாகற்கொடி, பசலைக்கொடி, சாயூர் மானிஸ் என்று நாங்கள் சொல்லும் கீரை, வெண்டை, பப்பாளி, வாழை, ஒரு கொய்யா. பாட்டி விடியற்காலை பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போய், பால்மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால், அடுப்பு மூட்டிய பிறகுதான் கொல்லைக்குப் போய்க் கீரை கிள்ளுவார். சோறு மலைபோல் சாப்பிடுவார், அந்த உடம்பு உழைப்புக்கு அது செரித்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம். இங்கே பின்பக்கம் முழுக்க சிமெண்டு, துணி காயப்போடும் இடம் மட்டும்தான். உழைப்பும் போய்விட்டது, கொல்லையும் போய்விட்டது, அந்தச் சோற்றின் அளவு மட்டும் அப்படியே எங்கள் தட்டில் இருக்கிறது. எங்கள் தாமானில் இத்தனை வீட்டில் மாத்திரை இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது லோரிக்கு வருகிறேன். அண்ணனும் அவர் மனைவியும்தான் நடத்துகிறார்கள், அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். செவ்வாய் மாலை ஐந்தேமுக்காலுக்கு எங்கள் தெருமுனையில் ஆர்ன் சத்தம் கேட்கும், சனிக்கிழமை காலை ஏழு மணி. எனக்கு இந்த நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். செவ்வாய் மாலை வேலை விட்டு வந்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் சரியாக இருக்கிறது. ஏழு மாதத்தில் நான்கு தடவைதான் வரவில்லை, அதில் இரண்டு தடவை முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வருவதால் ஒரு தடவைக்கு ஐந்தாறு கிலோ வாங்கினால் போதும், ஐஸ்பெட்டியில் இடம் இருக்கிறது, கீரை வாடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

சரக்கு இரண்டு வழியில் வருகிறது. முட்டைக்கோஸ், தக்காளி, காலிஃபிளவர், பிரெஞ்சு பீன்ஸ் எல்லாம் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குவது, அண்ணன் அதை ஈப்போவில் மொத்தமாக எடுக்கிறார். கங்கோங், பாயாம், சாவி, பயற்றங்காய், வெண்டை, கத்தரி, பாகற்காய், பீர்க்கு எல்லாம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது, பெரும்பாலும் அன்றைக்குப் பறித்தது. என் அனுபவத்தில் இரண்டாவது ரகத்தை நம்பி வாங்கலாம். பயற்றங்காய் ஒடித்தால் டக்கென்று ஒடியும், பாகற்காயில் முள் கூர்மையாக இருக்கும், கங்கோங் வேரோடு வரும். மலைக்காய்கறி பாசாரில் கிடைப்பது மாதிரிதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலிஃபிளவர் இரண்டு தடவை கருத்த புள்ளியோடு வந்தது, அதற்குப் பிறகு இவரிடம் அதை வாங்குவதில்லை.

கீரைதான் இந்த லோரியின் உயிர் என்பேன். பாயாம், முருங்கைக்கீரை, சாயூர் மானிஸ், வல்லாரை, சில வாரம் பசலை. முருங்கைக்கீரையை அக்கா அவர் அம்மா வீட்டு மரத்தில் ஒடித்துக்கொண்டு வருகிறார், ஒரு கட்டு ஒரு வெள்ளி (ரிங்கிட்). எங்கள் அம்மா அந்தக் கட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்த அன்றைக்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு அவரே அடுப்படியில் நின்று கீரை உருவினார்.

விலையைப் பற்றி. நான் எழுதும் இந்த வாரம் கங்கோங் கட்டு ஒன்றரை வெள்ளி, பாயாம் இரண்டு, பயற்றங்காய் கிலோ ஏழு, பாகற்காய் ஆறு, தக்காளி ஐந்தரை, பப்பாளி கிலோ நான்கு, கொய்யா ஆறு. பாசாரோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவற்றுக்கு 30 காசு, 50 காசு கூட, கீரை மட்டும் குறைவு. எனக்கு அந்த 50 காசு பெரிதாகத் தெரியவில்லை, பெட்ரோல் போட்டு டவுனுக்குப் போகும் செலவு மிச்சம். முன்பு வாரத்துக்கு 25 வெள்ளி காய்கறிக்குப் போகும், இப்போது 60-ஐத் தொடுகிறது. கூடுதல் 35 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான், எங்கள் வீட்டிலும் கணக்குப் பார்த்துத்தான் செலவு. பெரிய பாட்டில் இனிப்புத் தண்ணீர் வாரம் மூன்று வாங்குவதை நிறுத்தினேன், வெள்ளிக்கிழமை ராத்திரி மீ கோரேங் தப்பாவ் நான்கு பொட்டலம் வாங்குவதை நிறுத்தினேன், அந்த இரண்டிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் இப்படி மிச்சம் பிடிக்க முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் சம்பளத்தில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு 60 வெள்ளி பெரிய பணம். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை: கேமரன் காய்கறியை விட்டுவிட்டு கங்கோங், பாயாம், பூசணி, பப்பாளி, வாழைப்பழம் இவற்றை மட்டும் எடுங்கள், அதே எடைக்குக் கிட்டத்தட்ட பாதிப் பணம்தான் ஆகும்.

அக்கா கட்டும் ஐந்து வெள்ளிக் கலவைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு கத்தரி, நாலைந்து வெண்டை, ஒரு முருங்கைக்காய், அரை கேரட், ஒரு துண்டு பூசணி, இரண்டு தக்காளி, கறிவேப்பிலை, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சு. சாம்பாருக்கு வெட்டிப் போட்டால் அவ்வளவுதான். பிள்ளைகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்த் தனியாக இருக்கும் வயதானவர்கள் எங்கள் தாமானில் நிறைய பேர், அவர்களால் ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ வாங்கித் தீர்க்க முடியாது, அதனாலேயே காய்கறி வாங்காமல் ரொட்டி, பிஸ்கட் என்று இருந்தவர்கள். நான்காவது வீட்டுப் பாட்டி இப்போது சனிக்கிழமை ஒரு பொட்டலம், செவ்வாய் ஒரு பொட்டலம் என்று வாங்குகிறார். இதை யோசித்துச் செய்த அந்த அக்காவுக்கு என் மனதார நன்றி.

குறைகளும் இருக்கின்றன, அதையும் நேராகச் சொல்கிறேன். எங்கள் தெரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது நிறுத்தம், கடைசித் தெருவுக்குப் போகும்போது ஏழு மணி ஆகிவிடும், அதற்குள் கீரை துவண்டுவிடுகிறது. மேலே தார்ப்பாய் இருந்தாலும் மதிய வெயிலில் சுற்றி வந்த லோரி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கலாம். இதை இரண்டு தடவை சொன்னேன், ஒரு வாரம் செய்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். தக்காளிப் பெட்டியில் அடியில் இருப்பது நசுங்கியிருக்கும், அள்ளிப் போட விடாமல் நீங்களே பொறுக்குங்கள், அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பப்பாளி உள்ளே அழுகியிருந்தது, அடுத்த சனிக்கிழமை சொன்னதும் பேசாமல் வேறொன்று கொடுத்துவிட்டார். தராசு டிஜிட்டல், வீட்டுத் தராசில் மூன்று தடவை சரிபார்த்தேன், எடை சரியாக இருந்தது. பணமோ கியூஆர் கோடோ எதுவானாலும் சரி, தெரிந்தவர்களுக்கு நோட்டில் எழுதிக் கடனும் உண்டு.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. லோரியின் பின்பக்கம் ஒரு ஐஸ் பெட்டி. அதில் வெட்டிய பழத்தை அசாம் பொடியும் சீனியும் தூவிப் பையில் போட்டு விற்கிறார்கள், பக்கத்திலேயே பழ ஜூஸ் பாட்டில், சிராப் தண்ணீர். பிள்ளைகள் லோரிக்கு ஓடி வருவதே அதற்குத்தான். பழ ஜூஸும் பழம்தானே என்று என்னிடம் பல பேர் சொல்கிறார்கள். இல்லை. நான்கு ஆரஞ்சைப் பிழிந்தால் ஒரு கிளாஸ் வரும், நான்கு பழத்தின் சர்க்கரையும் ஒரே மடக்கில் உள்ளே போகும், அதை மெதுவாகச் செரிக்க வைக்கும் நார் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். 2013-ல் அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் பல வருடம் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முழுப் பழம், அதிலும் புளூபெரி, திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்கு இனிப்பு நீர் வரும் ஆபத்து குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. புளூபெரி வாங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை, நமக்குக் கொய்யா இருக்கிறது, ஒரு கொய்யாவைக் கடித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். நான் அண்ணனிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, வெட்டின பழத்துல பாதியைச் சீனி தூவாமலே வைங்க, வேண்டியவங்க கேட்டு வாங்கிக்கட்டும்." "விக்காது தங்கச்சி" என்றார். இப்போது பத்துப் பை தூவாமல் வைக்கிறார், அது தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, காய்கறி சாப்பிட்டால் இந்தக் கோளாறு போய்விடுமா என்ற கேள்வி. காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் குறைவாக இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் மக்கள் சாப்பிடுவதைக் கேட்டுக் கணக்கெடுத்த ஆய்வுகள்தான். காய்கறி அதிகம் சாப்பிடுபவர் நடப்பவராகவும், புகைக்காதவராகவும், கையில் கொஞ்சம் காசு உள்ளவராகவும் இருப்பார், எது எதனால் என்று பிரிப்பது சுலபம் இல்லை. ரத்த அழுத்தத்தில் மட்டும் உறுதியான சோதனை இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் டாஷ் என்ற பெயரில் 459 பேருக்கு எட்டு வாரம் சாப்பாடு சமைத்தே கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு உப்பு, யாருக்கும் எடை மாற விடவில்லை. காய்கறியும் பழமும் கூட்டிக் கொடுத்தவர்களுக்கு மேல் எண் சாதாரணச் சாப்பாட்டுக்காரர்களைவிட 2.8 இறங்கியது. அதோடு கொழுப்பு குறைந்த பால் வகைகளும் சேர்த்து மொத்தக் கொழுப்பையும் குறைத்தவர்களுக்கு 5.5 இறங்கியது. சின்ன எண்தான், ஆனால் எட்டே வாரத்தில், மாத்திரை இல்லாமல்.

என் வீட்டில் நான் கண்டது, காய்கறியைச் சோற்றுக்கு மேலே கூட்டினால் பிரயோஜனம் இல்லை என்பது. சோறு இருந்த இடத்தில் காய்கறி வர வேண்டும். முதல் மாதம் நான் செய்த தப்பு அதுதான், சோறு பழைய அளவு, அதோடு இரண்டு காய்கறி, கங்கோங்கில் பெலாச்சான் சம்பல் அள்ளிப் போட்டு எண்ணெயில் மிதக்க, முட்டைக்கோஸைத் தேங்காய்ப்பாலில். இடுப்பு ஒரு சென்டிமீட்டர்கூட அசையவில்லை. மீந்து போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது, அதனால் சோற்றைக் குறைக்காமல் அந்த எண் இறங்காது என்று டாக்டர் விளக்கிய பிறகு, தட்டில் முதலில் காய்கறியை வைத்துவிட்டு மீதி இடத்தில்தான் சோறு போடுகிறோம். மகன் முதல் இரண்டு வாரம் முறைத்தான், இப்போது பயற்றங்காய் பிரட்டல் என்றால் அவனே இரண்டாம் தடவை எடுக்கிறான், அரைத் தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய், ஐந்து நிமிடம், பச்சை நிறம் மாறாமல் இறக்கினால் சாப்பிடாத பிள்ளை இருக்காது.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். இடுப்பு 88. அழுத்தம் 132-க்கு 84. சர்க்கரை 5.8. டிரைகிளிசரைடு 1.6. கணக்குப் பார்த்தால் நான்கில் ஒன்றுதான் எல்லைக்குக் கீழே வந்திருக்கிறது, இன்னும் மூன்று இருக்கிறது, அதாவது கோளாறு போகவில்லை. இதற்கு முழுக்கக் காய்கறிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இனிப்புத் தண்ணீரை நிறுத்தினேன், தே தாரேக்கைச் சீனி போடாத கோசோங் ஆக்கினேன், ராத்திரி சாப்பிட்ட பிறகு திடலைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "எல்லாமே இறங்குது, இதையே விடாம செய்ங்க" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மாவுக்கும் சர்க்கரை கொஞ்சம் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. ஆனால் மாத்திரை ஒன்றையும் நிறுத்தவில்லை, குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் பொறுப்பு. பாகற்காய் ஜூஸ் குடித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் அண்ணனிடமும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். சீசனில் லோரியில் பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் வரும். சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் அதைத் தொடக்கூடாது, விக்கலில் தொடங்கி வலிப்பு, சாவு வரை கொண்டுபோகும். அவர்களுக்கு வாழைப்பழம், கீரைகூடப் பொட்டாசியம் காரணமாக அளவோடுதான், டயட்டீஷியன் சொல்லும் கணக்கு வேறு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. தம்பூன் பொமெலோ நம் ஊர்ப் பெருமை, ஆனால் அதன் உறவான கிரேப்ஃப்ரூட் சில கொழுப்பு மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டும் என்பதால், அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பொமெலோவைப் பற்றியும் மருந்து வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் தாமானில் டயாலிசிஸ் போகிறவர்கள் மூன்று பேர், அண்ணனுக்கு மூவரையும் தெரியும், இப்போது அவர்கள் பெலிம்பிங்கில் கை வைத்தால் அவரே தடுத்துவிடுகிறார்.

வாங்கியதை வைக்கும் விதம்: கீரையைக் கழுவாமல், பழைய பேப்பரில் சுற்றிப் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். சமைப்பதற்கு முன்னால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், முட்டைக்கோஸின் வெளி இலை இரண்டை எடுத்துவிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஈரச் சாக்கைப் போட்டுக் கீரையை மூடினால், அந்த ஐஸ் பெட்டியில் சிராப்புக்குப் பதில் வெறும் தண்ணீர் பாட்டில் வைத்தால், ஐந்தும் கொடுக்கத் தயார். புதிதாக வருபவர்கள் சனிக்கிழமை ஏழரைக்கு முன்னால் பிள்ளையார் கோயில் முனைக்கு வந்துவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் முருங்கைக்கீரை இருக்காது. வாழைப்பூ வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையே அக்காவிடம் சொல்லி நோட்டில் எழுத வையுங்கள், வாரத்துக்கு ஆறு ஏழு பூதான் வருகிறது, அதில் ஒன்றை இந்த வாரம் நான் ஏற்கெனவே எழுத வைத்துவிட்டேன்.